ஆறுதல் என்றால் எத்தனை நாட்?

முப்பத்தாறு வயதில் ‘ரிட்டயர்டு’ என்று சொன்னால் அஸ்தினாபுரத்தில் யாரும் நம்புவதில்லை. எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னைப் படிக்கட்டில் நிறுத்தி, “ஏம்மா, நீ வேலைய விட்டியா, வேலை உன்ன விட்டுச்சா?” என்று கேட்டார். இரண்டும் இல்லை என்றேன். வேலை நாடு மாறிப் போய்விட்டது. அதை அவருக்கு விளக்குவதற்குள் அவர் வீட்டுக் குக்கர் மூன்று விசில் அடித்துவிட்டது.

விஷயம் இதுதான். ஒரே கடலைப் பங்குபோட்டுக்கொள்ளும் நம் பக்கத்து நாடுகள் சில, எண்ணெய்க் கசிவு நேர்ந்தால் ஒன்றுக்கொன்று தகவல் சொல்வது, கப்பலும் கருவியும் கொடுத்து உதவுவது என்று ஓர் ஏற்பாடு செய்துகொண்டன. அந்தத் தகவலை வாங்கி அனுப்பும் அலுவலகத்தைச் சுழற்சி முறையில் ஒவ்வொரு நாடாக நடத்த வேண்டும். நம் முறை வந்தபோது அது கிழக்குத் தாம்பரத்தில், ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் அமைந்தது. ஜன்னலைத் திறந்தால் விமானப்படைப் பயிற்சி விமானங்கள் தெரியும், வேளச்சேரி சாலை நெரிசல் தெரியும். கடல் தெரியாது. நம் முறை முடிந்ததும் அலுவலகத்தை மூடி, எங்களை ரிலீவ் செய்தார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. மணி அடித்தால் ஓடிப்போய் எடுக்க வேண்டாத ஒரு போன் வீட்டில் இருப்பது எவ்வளவு நல்லது என்று இப்போதுதான் தெரிகிறது.

இதை எழுதக் காரணம், இங்கே மிச்சமிருக்கும் வேலையை ஏற்றிருக்கும் பிரிவைச் சேர்ந்த இரண்டு பெண்கள். போன வாரம் வீட்டுக்கு வந்தார்கள். இப்போது தகவல்கள் கணினியில் தாமாகவே போய்விடுகின்றன. பழைய கையேட்டில் இருக்கும் ‘திரும்பப் படித்தல்’ விதியை எடுத்துவிடலாமா என்று கேட்டார்கள். ஒரு வரியில் பதில் சொல்ல வரவில்லை. எனவே நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் படித்தது சிவில். பிறகு கடலோரப் பொறியியல். பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எண்ணெய் எப்படிப் பரவும், எவ்வளவு ஆவியாகும், எதில் ஒட்டினால் பிறகு எடுக்கவே முடியாது என்று கற்றுக்கொடுத்தார்கள். ‘பூம்’ என்று நாங்கள் சொல்லும் நீளமான மிதவைத் தடுப்பைத் தண்ணீரில் விரித்து எண்ணெயை மறிக்கும் முறையையும், எந்த அளவு அலைக்கு மேல் அந்தத் தடுப்பால் பயனில்லை என்பதையும் சொன்னார்கள். தேர்வு வைத்தார்கள், எழுதினேன். உண்மையான படிப்பு தாம்பரத்தில் ரெஜினா மேடத்தின் வெள்ளைப் பலகைக்கு முன்னால்தான் தொடங்கியது.

ரெஜினா மேடம் எங்கள் அலுவலகத்தின் தலைவி. நாற்பதுகளில் இருந்தார். செம்பாக்கத்தில் வீடு. யாரையும் ஒருமையில் பேசமாட்டார், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். அவரோடு வேலை செய்வது சுலபம் என்று இதை வைத்து நினைத்துவிடக் கூடாது. பெயரடைகள் அவருக்கு ஆகாது. ‘லேசான காற்று’ என்று ஒருவர் சொன்னால், “லேசுன்னா?” என்பார். ‘நிறைய எண்ணெய்’ என்றால், “நிறையன்னா?” கேள்வியில் கேலி இருக்காது. பதில் வரும்வரை பலகையைப் பார்த்தபடி நிற்பார். அதுதான் தாங்க முடியாது.

அந்தப் பலகையில் கட்டங்கள் வரைந்திருக்கும். கசிவு எங்கே, எது கசிகிறது, எந்தத் திசையில் நகர்கிறது, என்ன வேகம், காற்று எங்கிருந்து, கண்ணால் பார்த்தவர் யார், கேட்டுச் சொன்னவர் யார். போனில் வரும் எதையும் கட்டத்தில் எழுதி, எழுதியதை அதே போனில் திரும்பப் படித்துக் காட்டி, அந்தப் பக்கம் சரி என்ற பிறகுதான் அது தகவல். அதற்கு முன்னால் அது பேச்சு. இதுதான் திரும்பப் படித்தல். “படிங்க” என்ற அவருடைய ஒற்றைச் சொல் எனக்குக் கனவில்கூட வந்திருக்கிறது.

முரளி எங்கள் தொலைத்தொடர்புக் கருவிகளைப் பார்த்துக்கொண்டவர். பம்மல்காரர். மேடம் அறையில் இல்லாத நேரத்தில் அவர் சொல்வார்: “கல்யாணத்துல போய் ஒக்காந்தாலும் மேடம் கொஞ்சம் சாம்பார்னு கேக்காதுங்க. எத்தினி மில்லின்னு சொல்லி, பந்தி வெக்கிறவன அத்த திருப்பிப் படிக்கச் சொல்லும்.”

விதிகளில் சிலவற்றுக்குக் காரணம் உடனே தெரிந்தது. முதல் கூட்டுப் பயிற்சியின்போது, கற்பனையான ஒரு கசிவை வைத்து எல்லா நாடுகளும் வேலை செய்துபார்த்தோம். நாங்கள் ‘வடக்கு நீரோட்டம்’ என்று அனுப்பினோம். வடக்கு நோக்கிப் போகிற நீர் என்று அர்த்தம். காற்றை எங்கிருந்து வருகிறது என்றும், நீரோட்டத்தை எங்கே போகிறது என்றும் சொல்வது இந்தத் துறை வழக்கம். எதிர்முனையில் புதிதாகச் சேர்ந்திருந்தவர் வாடைக் காற்றைப் புரிந்துகொள்வதுபோல வடக்கிலிருந்து வருகிற நீர் என்று எடுத்துக்கொண்டார். எங்கள் கற்பனை எண்ணெய் ஒரு கரைக்குப் போக, அவர்களுடைய கற்பனைப் படகுகள் வேறொரு கரையில் காத்துக்கிடந்தன. எல்லோரும் சிரித்தோம். அன்றிலிருந்து திசையை எழுத்தில் மட்டுமின்றி அம்பும் வரைந்து அனுப்பவேண்டும் என்று மேடம் சேர்த்தார்.

ஒரு விதிக்கு மட்டும் காரணம் எனக்குப் பிடிபடவில்லை. பணி போனில் ஆங்கிலம்தான் பேச வேண்டும். வங்கம் பேசுகிறவர்களோடும் மாலத்தீவின் திவேஹி பேசுகிறவர்களோடும் அது சரி. ஆனால் இலங்கைப் பக்கத்தில் எங்களுக்குத் தொடர்பில் இருந்தவர் சிவநேசன். மன்னார்க்காரர். கொழும்பில் அவர்களுடைய அலுவலகத்தில் பணி. தமிழர் மூன்று பேர் தமிழரான ஒருவரோடு ஆங்கிலத்தில், அதுவும் எழுத்து எழுத்தாக, பேசிக்கொண்டிருப்போம். ஏன் என்று கேட்டேன். உரையாடலின் பதிவு எல்லா நாட்டுக்கும் போகிறது, அவ்வளவுதான் என்றார் மேடம். அவரும் அதற்கு மேல் யோசித்திருக்கவில்லை என்றே நினைக்கிறேன்.

தென்மேற்குப் பருவக்காற்று பலமாக வீசிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில் அந்தச் சரக்குக் கப்பல் சிக்கியது. மன்னார் வளைகுடாவில், எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம், இயந்திரம் நின்றுபோய் அலையில் தள்ளப்பட்டு ஒரு மணல்திட்டில் ஏறிவிட்டது. மாலுமிகளைப் பத்திரமாக இறக்கிவிட்டார்கள். எரிபொருள் தொட்டியில் விரிசல். எண்ணெய் கசியத் தொடங்கியது.

இலங்கையின் துப்புரவுக் கப்பல்கள் அப்போது தீவின் மறுபுறத்தில் வேறொரு வேலையில் இருந்தன. பக்கத்தில் பூம் ஏற்றிய கப்பல் என்று பார்த்தால் தூத்துக்குடியில் நம்முடையது ஒன்றுதான். அந்தக் கோட்டைத் தாண்டினால் கைது என்ற செய்தியை மட்டுமே நாம் பேப்பரில் படித்திருக்கிறோம். அதே கோட்டை நம் கப்பல் அழைப்பின்பேரில் தாண்ட வேண்டும். அதற்கு அவர்கள் கேட்க வேண்டும், நம்மவர்கள் சம்மதிக்க வேண்டும், இரண்டும் எங்கள் வழியாகப் போக வேண்டும். கப்பலைத் தயார் நிலையில் நிறுத்திவைக்கச் சொல்லியிருந்தோம். அதே கப்பலை பழுதான ஒரு சரக்குப் படகை இழுக்க வேறொருவர் கேட்டுக்கொண்டிருந்ததால், தூத்துக்குடியிலிருந்த அதிகாரி காலையிலிருந்து எங்களை நச்சரித்தார்.

சிவநேசன் முந்தைய நாளே கரைக்குக் கிளம்பிப் போய்விட்டார். அவரைப் போகச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கப்பல் சிக்கிய இடத்துக்கு வடகிழக்கே, காற்று நேராகத் தள்ளும் திசையில், கரையில் ஒரு திறப்பு இருக்கிறது. அதன் வழியாகத்தான் கடல்நீர் ஓர் உப்பங்கழிக்குள் ஏறி இறங்கும். அவர்கள் அதைக் களப்பு என்பார்கள். சிவநேசனின் ஊர் அந்தக் களப்பின் கரை. போருக்காக எல்லோரும் காலிசெய்து போய், வருடக்கணக்கில் வெளியே இருந்துவிட்டு, திரும்பி வந்து வெறும் தரையில் ஆரம்பித்த ஊர். நண்டும் இறாலும்தான் பிழைப்பு. எண்ணெய் உள்ளே ஏறிக் கண்டல் என்கிற அலையாத்தி மர வேர்களில் படிந்தால், அங்கிருந்து அதை எடுக்க எந்த நாட்டிடமும் கருவி கிடையாது. இதை அவர் ஒருமுறைதான் சொன்னார், அதுவும் வேறு ஏதோ பேச்சின் நடுவில். நாங்கள் மூவரும் மறக்கவில்லை.

அன்று முற்பகல் அவர் கைபேசியிலிருந்து அழைத்தார். மேடம் ஸ்பீக்கரில் போட்டார். காற்றின் இரைச்சல், அதற்குள் ஒரு குரல், குரலுக்குள் ஓட்டைகள். இரண்டு நாள் தூங்காதவரின் குரல் அது. முதல்முறையாக ஆங்கிலத்தை விட்டுவிட்டார்.

“மேடம், கேக்குதோ? நான் களப்பு வாயில நிக்கிறன். எண்ணெய்… ஆறுதலாத்தான்…”

அத்தோடு இணைப்பு அறுந்தது.

அறையில் இருந்த மூன்று பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டோம். முரளி தன் மேசையைத் தட்டினார். மேடம் நாற்காலியில் சாய்ந்து, “அப்பாடா” என்றார். அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. முரளி எல்லோருக்கும் டீ சொல்வதற்காகப் படியில் இறங்கினார்.

சரியாக அப்போது தூத்துக்குடி அதிகாரி மறுபடியும் அழைத்தார். நிலைமை என்ன, கப்பலை அந்தப் படகு வேலைக்கு விடலாமா வேண்டாமா என்று ஒரு முடிவு சொல்லுங்கள் என்றார். ஒரு நிமிடம் இருங்கள், பலகையை முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று மேடம் அவரைக் காக்கவைத்தார். அதில் சந்தேகமோ முன்னெச்சரிக்கையோ எதுவும் இல்லை. குளித்தால் தலை துவட்டுவதுபோல அவருக்கு அது ஒரு பழக்கம்.

நான் மார்க்கரை எடுத்தேன். இடம் எழுதினேன். கண்ணால் பார்த்தவர்: சிவநேசன். அடுத்த கட்டம் வேகம். அங்கே என் கை நின்றது.

“எழுதுங்க,” என்றார் மேடம்.

“என்ன மேடம் எழுதறது? ஆறுதல்னு எழுத முடியுமா?”

“ஆறுதல்னா எத்தன நாட்?”

நாட் என்பது கடலில் வேகத்தை அளக்கும் அலகு. மேடம் கேட்டது பாதி விளையாட்டு. அவருடைய உதட்டில் இன்னும் சிரிப்பு இருந்தது. ஆனால் கேட்டு முடித்ததும் பழக்கப்படி பலகையைப் பார்த்தார். கட்டம் காலியாக இருந்தது. திசைக் கட்டமும் காலி. சிரிப்பு போய்விட்டது.

போனை எடுத்து, கப்பலை விடவேண்டாம் என்றார். தூத்துக்குடி அதிகாரிக்குக் கோபம். காலையிலிருந்து ஒரு கப்பலைச் சும்மா கட்டிவைத்திருக்கிறீர்கள், யார் உத்தரவு என்று கேட்டார். மேடம் தன் பெயரை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். பிறகு அதைத் திரும்பப் படிக்கச் சொன்னார். அவர் படித்தார்.

இதற்குள் டீயோடு வந்த முரளி தம்ளர்களை அப்படியே ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு சிவநேசனின் எண்ணை அழுத்தத் தொடங்கினார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. திரும்பவும் அழுத்தினார். மணி அடித்து நின்றது. “இன்னா பேஜாரா கீது மேடம், புட்ச்சா உட்டுருது, புட்ச்சா உட்டுருது,” என்று முனகிக்கொண்டே அழுத்தினார். நான் கடைசியாக வந்த காற்றுக் கணக்கை வைத்து என் மடிக்கணினியில் நகர்வைப் போட்டுப் பார்த்தேன். கணக்கின்படி எண்ணெய் நிற்க வேண்டிய காரணம் எதுவும் இல்லை. பார்த்தவர் ஆறுதல் என்கிறார், கணக்கு இல்லை என்கிறது. நம் கணக்குதான் தப்பாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒருவழியாக அவர் எடுத்தார். மேடம் ஆங்கிலத்துக்கு மாறி, கட்டங்களை மட்டும் கேட்டார். நகரும் வேகம்? அரை நாட். எந்தத் திசையில்? வடகிழக்கு, நேராகக் களப்பு வாயை நோக்கி. நான் எழுதினேன்.

மேடம் தமிழில் கேட்டார்: “ஆறுதல்னு சொன்னீங்களே?”

“ஓம் மேடம். ஆறுதலாத்தான் வருது. மெல்ல மெல்ல. ஏன், நீங்கள் என்னெண்டு நினைச்சனீங்கள்?”



அவருடைய ஊரில் ‘ஆறுதலா வாங்கோ’ என்றால் அவசரமில்லை, மெதுவாக வாருங்கள் என்று அர்த்தம். எண்ணெய் மெதுவாக வருகிறது, மறிக்க நேரம் இருக்கிறது, சீக்கிரம் அனுப்புங்கள் என்பதுதான் அவர் சொல்ல வந்தது. ‘வருது’ என்ற வினைச்சொல்லைக் காற்று கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் ‘இருக்கு’ என்று எங்கள் காது போட்டுக்கொண்டது. வங்கம் பேசுகிற ஒருவர் புரியாத சொல் சொல்லியிருந்தால், புரியவில்லை என்று அந்தக் கணமே கேட்டிருப்போம். இது நம் சொல். மூன்று பேருக்கும் நன்றாகப் புரிந்தது.

“கோரிக்கை எங்கட பக்கத்தில கையெழுத்தாகீட்டுது, இப்ப உங்களுக்கு வரும்,” என்றார் சிவநேசன். “கப்பலக் கெதியா அனுப்புங்கோ.”

“கெதின்னா?” என்றார் மேடம்.

அந்தப் பக்கம் சிவநேசன் சிரித்தார். இரண்டு நாளில் முதல் சிரிப்பாக இருந்திருக்கும். “பாஸ்ட், மேடம். எஃப், ஏ, எஸ், டி.”

மேடம் அதையும் ஓர் எழுத்து விடாமல் திரும்பப் படித்தார்.

கோரிக்கை வந்தது, நம் பக்கத்துச் சம்மதமும் வந்தது. கப்பல் கிளம்பியது. காலையிலிருந்து கட்டிவைத்ததால் எரிபொருளும் ஆட்களும் பூமும் ஏற்றித் தயாராக இருந்தது. திட்டிய தூத்துக்குடி அதிகாரியேதான் அவிழ்த்தும் விட்டார். போகும் வழியின் ஒவ்வொரு கட்டத்தையும் கேட்காமலே எங்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். என் கணக்கின்படி எண்ணெய் களப்பு வாயை எட்டுவது மறுநாள் விடியும் நேரம். கப்பல் அதற்கு முன் போய்விடும். ஆனால் அந்த இடம் ஆழமில்லாதது. கப்பல் வெளியே நிற்க, சிறு படகுகள்தான் பூமின் முனைகளைக் கரைக்கு இழுத்துப்போக வேண்டும். அந்த ஊர்க்காரர்களின் படகுகள் வருவதாகச் சிவநேசன் சொன்னார். நம் கப்பலிலிருந்து வீசும் கயிற்றை அவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அதற்கு மேல் தாம்பரத்திலிருந்து செய்ய ஒன்றும் இல்லை. மாலையில் அடுத்த குழுவிடம் பலகையை ஒப்படைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

காலையில் நான் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மேடம் எனக்கு முன்பே வந்திருந்தார். முரளி வீட்டுக்கே போகவில்லை. சிவநேசன் அனுப்பிய ஒரு புகைப்படம் பெரிய திரையில் இருந்தது.

களப்பு வாயின் ஒரு கரையிலிருந்து மறு கரைவரை ஆரஞ்சு நிறத்தில் பூம் வளைந்து கிடந்தது. அதன் கடல் பக்கம் கறுப்பாக, தடித்து, பாயசத்தின் மேல் ஆடைபோல மடிந்து நின்றது. இந்தப் பக்கம் தண்ணீர். வெறும் தண்ணீர். அடியில் மணல் தெரிந்தது. நான் பையைக் கழற்றாமலே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதல்நாள் விட்டது மூச்சே இல்லை, இதுதான் மூச்சு என்று தோன்றியது.

மேடம் திரைக்குப் பக்கத்தில் போய் ஓர் இடத்தை விரலால் காட்டினார். பூமுக்கு உட்புறம், முழங்கால் அளவுத் தண்ணீரில், பாவாடையை மேலே செருகிக்கொண்டு ஒரு பெண் நண்டுக் கூடு ஒன்றைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

தண்ணீர் சோதிக்கப்படும்வரை யாரும் இறங்கக் கூடாது என்பது விதி. மேடம் அப்போதே சிவநேசனை அழைத்தார். “யாரு இறங்கச் சொன்னது? அந்த அம்மா யாரு?”

“அது என்ர அக்கா, மேடம்,” என்றார் சிவநேசன். “விடியவே கூட்டைப் பாக்க இறங்கீட்டா. ஆமிக்காரர் சொல்லியே கேக்காதவ, நான் சொல்லிக் கேப்பாவோ?”

முரளி வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றார். மேடம் சிரிக்கவில்லை. படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கால்ல எண்ணெய் ஒட்டியிருக்கான்னு கேளுங்க.”

சிவநேசன் போனைக் கையில் பிடித்தபடி அக்காவிடம் கத்துவது கேட்டது. தூரத்தில் ஒரு பெண் குரல் நீளமாக ஏதோ சொன்னது. அதில் வசவும் இருந்தது என்றே நினைக்கிறேன். நான் மார்க்கரோடு காத்திருந்தேன்.

“இல்லையாம் மேடம்,” என்றார் சிவநேசன். “சேறு மட்டும்தானாம்.”